உதவி: ‘மீன் பாடும் தேன்நாடு’ என்ன அணி? மகளுக்குப் பிழை போட்டிரிக்கி

கல்லடி அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். மகள் தரம் 10. டியூசன்ல தந்த தமிழ் பேப்பர்ல, நம்மட மட்டக்களப்ப சொல்ற ‘மீன் பாடும் தேன்நாடு’ இதுல வாற அணி என்னெண்டு கேட்டிரிக்கி, இவ தற்குறிப்பேற்றம் எண்டு எழுத சிவப்புப் பேனையால பெரிய பிழை, ஏன் பிழையெண்டு ஒரு சொல்லும் இல்ல. ராவு சரியா சாப்பிடவும் இல்ல பிள்ள. மீன் பாடாதுதானே, மனுசர் செய்றத மீனுக்கு ஏத்தினா அது தற்குறிப்பேற்றம்தானே எண்டு கேக்கா, எனக்கும் அது சரி போலத்தான் கிடக்கு. ஆராவது விளங்கப்படுத்துங்க, வாற கிழமை தவணைச் சோதின.

ஏறாவூர் பொடியன்:
உருவகம் எண்டு போடச் சொல்லுங்க அக்கா. எங்களுக்கு அப்பிடித்தான் சொல்லித் தந்த.

அக்கரைப்பற்று தமிழ் சேர்:
தங்கச்சி, நிறையப் பிள்ளைகள் வழுக்குற இடம் இது. மனுசர் வேலைய மீனுக்கோ மரத்துக்கோ குடுத்தா மட்டும் தற்குறிப்பேற்றம் ஆகாது. இயல்பா நடக்கிற ஒண்டு இரிக்கணும், அதுக்கு கவிஞர் தன்ட மனசுல உள்ள காரணத்த ஏத்தணும். சிலப்பதிகாரத்துல கோவலனும் கண்ணகியும் மதுரைக்குப் போகக்குள்ள மதில்ல கொடி ஆடுது. காத்துக்கு ஆடுது, வேற ஒண்டுமில்ல. ஆனா இளங்கோ சொல்றார், ‘வராதீங்க’ எண்டு அது கைகாட்டி மறிக்குதாம். உள்ள போனா கோவலன் திரும்பி வரமாட்டான் எண்டு அவருக்குத் தெரியும்தானே, அந்தத் துக்கத்தத் தூக்கி கொடியில ஏத்திட்டார். எத்தின வருசம் படிப்பிச்சாலும் அந்த இடம் வந்தா எனக்குத் தொண்ட அடைக்கும்.

இப்ப மீனுக்கு வாங்க. நிலவு நாள்ல மட்டக்களப்பு வாவியில கல்லடிப் பாலத்தடியில தோணிய நிப்பாட்டி, துடுப்ப தண்ணிக்குள்ள விட்டு மத்த நுனியில காத வெச்சுக் கேக்கிற சத்தம், கம்பி அதிர்ற மாதிரி, அத நம்மட ஆக்கள் பாட்டெண்டுட்டாங்க. குயில் பாடுது எண்டு சொல்றமே அது போல. ஏன் பாடுது எண்டதுக்கு அந்த வரியில காரணம் இல்ல, அதால தற்குறிப்பேற்றமும் இல்ல.

தம்பி, உருவகமும் பொருந்தா. பால்நிலா எண்டா பால் போல நிலா, உவமைத்தொகை. நிலாப்பால் எண்டு திருப்பிப் போட்டா நிலாவே பால், அது உருவகம். தேன்நாடு முதலாவது மாதிரி, தேன் போல இனிக்கிற நாடு. தேன் கிடைக்கிற நாடு எண்டு பொருள் எடுத்தா அங்க அணியே இல்ல. கேள்வி இறுக்கமில்லாத கேள்வி, நானெண்டா உவமை எண்டு காரணத்தோட எழுதின பிள்ளைக்கு முழுப் புள்ளி குடுப்பன். தண்டியலங்காரம் எண்ட அணி இலக்கண நூல்ல பொருளணி மட்டும் 35 இரிக்கி, பேர மட்டும் பாடமாக்கினா எல்லாம் குழம்பும்.

காரைதீவு அக்கா:
எங்கட ஊர் விபுலாநந்த அடிகள் அந்த வாவிச் சத்தத்த நீரர மகளிர்ர, அதான் தண்ணிக்குள்ள வாழுற தேவதைகள்ர பாட்டெண்டு கற்பனை பண்ணினவர், 1947ல வந்த அவர்ட தமிழ் இசை ஆராய்ச்சி நூல் யாழ்நூல்ல இரிக்கி. மகளுக்கு அதையும் வாசிச்சுக் காட்டுங்க கா.

கல்லடி அம்மா:
சேர், பக்கத்துல இரித்தி வெச்சு வாசிச்சுக் காட்டினன். கொடி விசயம் கேட்டோன்ன ‘ஓ’ எண்டுட்டு எழும்பிப் போனவ, கொஞ்சத்தால கொப்பியோட வாறா. ‘2004 கடல் கொண்டுபோன நாவலடிப் பிள்ளைகள் பயமில்லாம நித்திரை கொள்ளட்டும் எண்டுதான் ராவுல மீன் பாடுது’ எண்டு எழுதியிரிக்கா. இது சரியா சேர்? எங்கட சொந்தத்துலயும் ரெண்டு பிள்ளைகள் அண்டைக்குச் சுனாமியில போனதுகள், இவ அப்ப பிறக்கவும் இல்ல.

அக்கரைப்பற்று தமிழ் சேர்:
சரி தங்கச்சி. சத்தம் இயல்பு, காரணம் பிள்ளைட. தற்குறிப்பேற்றம் இதுதான். ஒரு சொல்லும் மாத்த வேணாம், பேப்பரோட கொண்டுபோய் அந்த டீச்சருக்கும் காட்டச் சொல்லுங்க.

கல்லடி அம்மா:
திங்கக்கிழமை கிளாஸ் இரிக்கி, குடுத்து விடுறன் சேர்.