நரி சுடும் யூட்டின் கூரை விளக்கு மங்குகிறது, பிளக் உருகுகிறது: நானே செய்த அமைப்பில் எங்கே தவறு?

ஆட்டுப்பட்டி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், ஹே நகருக்குத் தெற்கே உள்ள மரமற்ற சமவெளியில், ஒரு மெரினோ ஆட்டுப் பண்ணையில் வேலை செய்கிறேன். இப்போது ஆடுகள் குட்டி ஈனும் பருவம். விடிந்ததும் மேய்ச்சல் வெளியைச் சுற்றிவந்தால், நாக்கும் வாலும் கடித்து எடுக்கப்பட்ட குட்டிகள் கிடக்கின்றன. நச்சு இரை வைத்தும் நரிகள் முழுமையாகக் குறையாததால், வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள் யூட் எனப்படும் திறந்த பின்தட்டு வண்டியில் வெளியே செல்கிறோம். சுடுபவர் பண்ணை முதலாளி, உரிமம் அவரிடம் இருக்கிறது. அவருடைய மகன் வண்டி ஓட்டுவார். பின் தட்டில் முதலாளியின் பக்கத்தில் நின்று விளக்கைத் திருப்புவதும், அந்த விளக்கின் கம்பி வேலையும் என் பொறுப்பு.

விளக்கு 12 வோல்ட், 100 வாட் ஹாலோஜன். அதைத் திருப்புவதற்கு ஒரு பழைய சைக்கிளின் கழுத்துக் குழாயை, அதாவது ஹேண்டில்பார் திரும்பும் பால்ரஸ் உள்ள பகுதியை, அப்படியே அறுத்தெடுத்து, ஒரு இரும்புத் தகட்டில் வெல்டிங் செய்து, கூரைக் கேரியரில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறேன். சுழற்சி வெண்ணெய் போல இருக்கிறது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மின்சாரத்தைச் சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்து எடுத்து, கடையில் 4 மி.மீ. என்று எழுதியிருந்த 5 மீட்டர் கம்பியில் மேலே கொண்டு சென்றிருக்கிறேன். எர்த்தை, அதாவது மின்னோட்டம் பேட்டரிக்குத் திரும்பும் பாதையை, அந்தக் கேரியரிலேயே கொடுத்துவிட்டேன்.

பிரச்சினைகள் இவை: ஒளி மஞ்சளாக மங்குகிறது, எஞ்சினை நிறுத்தினால் இன்னும் மோசம். இருபது நிமிடத்தில் சாக்கெட்டில் செருகிய பிளக் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகிறது, நேற்று அதன் முனையைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் இளகி வளைந்தேவிட்டது. விளக்கை இடது பக்கம் முழுதாகத் திருப்பும்போது ஒரு நொடி அணைந்து எரிகிறது. இவை போதாதென்று, துப்பாக்கியின் தொலைநோக்கி வழியாகப் பார்த்தால் பால் ஊற்றியது போல ஒரு வெண்மை படர்கிறது என்று முதலாளி சொல்கிறார். பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் அளந்து பார்த்தேன். எஞ்சின் ஓடும்போது 13.9 வோல்ட் வருகிறது. ஆகவே கம்பியில் குறை இல்லை, விளக்குதான் பழசாகிவிட்டது என்று நினைத்து எல்இடி வாங்கப் போகிறேன். வாங்குவதற்கு முன் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று தோன்றியது.

மின்கம்பியாள் எழுதியது:

நல்ல வேளை, கேட்டீர்கள். பல்பைக் கழற்றிவிட்டு அளப்பது, வண்டியில் ஒரு மூட்டைகூட ஏற்றாமல் பாலம் தாங்குமா என்று பார்ப்பது போன்றது. கம்பியில் மின்னோட்டமே இல்லாதபோது, முக்கால்வாசி இழை அறுந்துபோன கம்பியும், துருப்பிடித்த எர்த்தும்கூட மீட்டரில் முழு வோல்ட்டைத்தான் காட்டும். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது அளந்தால்தான் உண்மை வெளிவரும்.

எஞ்சினை ஓடவிட்டு, விளக்கைப் போட்டு, நான்கு அளவுகளை எடுத்துத் தாருங்கள். பேட்டரியின் இரு முனைகளுக்கு இடையே எவ்வளவு என்பது முதல் அளவு, பல்பின் இரு கால்களுக்கு இடையே எவ்வளவு என்பது இரண்டாவது. பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் மறுமுனையைப் பல்பின் பாசிட்டிவ் காலிலும் வையுங்கள். கடைசியாக பல்பின் எர்த் காலிலிருந்து பேட்டரியின் நெகட்டிவ் வரை அதேபோல அளங்கள். மீட்டரின் கம்பி எட்டாவிட்டால் ஏதேனும் ஒரு நீளக் கம்பியை அதனுடன் முடிச்சிட்டுக் கொள்ளலாம், அதனால் அளவு மாறாது.

வெளிச்சப்பிரியன் எழுதியது:

இவ்வளவு பாடு எதற்கு? எல்இடி விளக்குகளுக்குள் இருக்கும் சுற்று, வோல்ட் சற்றுக் குறைந்தாலும் ஒளியைக் குறையவிடாது. மின்சாரமும் பாதிகூடச் செலவாகாது. ஹாலோஜனின் காலம் முடிந்துவிட்டது.

ஆட்டுப்பட்டி எழுதியது:

மின்கம்பியாள் ஐயா, கேட்டபடி அளந்தேன். பேட்டரியில் 14.0. பல்பில் வெறும் 11.2! பாசிட்டிவ் பக்கம் 1.3, எர்த் பக்கம் 1.5. எர்த் பக்கம்தான் அதிகம் என்பதை நான் கனவிலும் நினைக்கவில்லை.

மின்கம்பியாள் எழுதியது:

இனி எல்லாம் தெளிவு. 1.3-யும் 1.5-யும் கூட்டினால் 2.8, உங்கள் 14-இலிருந்து காணாமல் போன வோல்ட் முழுவதற்கும் கணக்கு வந்துவிட்டது. ஹாலோஜன் பல்பில் வோல்ட் குறையும் அளவுக்கு மட்டும் ஒளி குறைவதில்லை, ஏறத்தாழ வோல்ட்டின் 3.5 அடுக்குக்கு ஏற்ப அது சரியும். ஐந்தில் ஒரு பங்கு வோல்ட்டை இழந்த உங்கள் விளக்கு, தர வேண்டிய ஒளியில் பாதியைக்கூடத் தரவில்லை. விளக்கு பழசானதால் அல்ல, பட்டினி கிடப்பதால்தான் அது மஞ்சளாக இருக்கிறது.

முதலில் எர்த். கேரியரின் கால்கள் கூரையில் எதன்மேல் உட்கார்ந்திருக்கின்றன என்று பாருங்கள்: ரப்பர் திண்டின் மேல், அதற்குக் கீழே பெயின்ட். மின்னோட்டம் திரும்பி வருவதற்கு இருக்கும் வழி, பெயின்ட்டை லேசாகக் கீறிக்கொண்டு நிற்கும் ஒரு போல்ட்டின் மரை மட்டுமே. பால்ரஸின் வழியாகவும் கொஞ்சம் ஓடியிருக்கும். கிரீஸ் தடவிய உருண்டைகள் நல்ல மின்பாதை அல்ல, நாளடைவில் அவற்றில் பொறி பட்டுக் குழியும் விழும். நீங்கள் மெச்சிக்கொள்ளும் அந்த வெண்ணெய்ச் சுழற்சி நீடிக்க வேண்டுமானால், விளக்கின் எர்த்துக்குத் தனிக் கம்பி போட்டுப் பேட்டரியின் நெகட்டிவ் வரை கொண்டுவாருங்கள்.

அடுத்தது கம்பி. இங்கேதான் நம் ஆட்கள் பலர் ஏமாறுகிறார்கள். ஆஸ்திரேலியக் கடைகளில் வாகனக் கம்பிச் சுருளின்மேல் எழுதியிருக்கும் 4 மி.மீ. என்பது மேலுறையையும் சேர்த்த மொத்தப் பருமன், உள்ளே இருக்கும் செம்பின் குறுக்குப் பரப்பு அல்ல. அந்தக் கம்பியில் செம்பு சுமார் 1.84 சதுர மில்லிமீட்டர்தான். நம் ஊரில் வீட்டு வயரிங்கைச் சதுர மில்லிமீட்டரில் சொல்லிப் பழகியவர்கள், 4 என்று பார்த்ததும் கனமான கம்பி கிடைத்துவிட்டது என்று நம்பிவிடுகிறோம். 6 மி.மீ. என்று எழுதியிருப்பதை வாங்குங்கள், அதில் சுமார் 4.6 சதுர மில்லிமீட்டர் செம்பு இருக்கும். போக ஆறு மீட்டர், வர ஆறு மீட்டர் என்று வைத்தாலும், எட்டு ஆம்பியரில் அரை வோல்ட்கூட இழக்காது.

மூன்றாவது, உருகிய பிளக். உங்கள் 5 மீட்டர் கம்பியில் இழப்பு 0.4 வோல்ட்டுக்கு மேல் இருக்க வழியில்லை. பாசிட்டிவ் பக்கத்தில் மீதியுள்ள 0.9 வோல்ட்டில் பெரும்பகுதி, சாக்கெட்டின் அடியில் ஸ்பிரிங்கால் அழுத்தப்படும் அந்தச் சிறிய முனையில்தான் வீணாகிறது. அங்கே 0.6 வோல்ட் என்றே கொள்ளுங்கள். எட்டு ஆம்பியரால் பெருக்கினால் ஏறக்குறைய ஐந்து வாட் வெப்பம், ஒரு சுண்டைக்காய் அளவு உலோகத்தில். பிளாஸ்டிக் உருகாமல் என்ன செய்யும்? காய்ந்த புல்வெளியின் நடுவே நின்றுகொண்டு டாஷ்போர்டுக்குள் தீயை வளர்க்க வேண்டாம். பேட்டரியிலிருந்து நேராக எடுங்கள். பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயின் (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்சு) 30 என்று எண்ணிட்ட கால், 87 என்ற காலிலிருந்து விளக்கு. 85, 86 ஆகியவற்றில் ஒன்று சுவிட்சுக்கு, மற்றது எர்த்துக்கு. சுவிட்சு வழியே ஓடுவது ரிலேயை இழுக்கும் சிறு மின்னோட்டம் மட்டும் என்பதால், அந்தக் கம்பி மெல்லியதாக இருந்தால் போதும்.

வெளிச்சப்பிரியன் சொன்னதில் உண்மை இருக்கிறது. எல்இடி இந்தக் குறைகளை மறைத்துவிடும். மறைக்கும், நீக்காது. அந்த எர்த் அப்படியே இருந்தால், அடுத்த ஆண்டு வேறொரு சாதனத்தை மாட்டும்போது இதே கேள்வியோடு வருவீர்கள்.

மல்லிக்காட்டான் எழுதியது:

விக்டோரியாவின் வடமேற்கில், மல்லி எனப்படும் குட்டை யூகலிப்டஸ் மரக்காட்டுப் பகுதியில், முயலுக்காகவும் நரிக்காகவும் பல ஆண்டுகள் விளக்குப் பிடித்தவன் நான். 1859-இல் இதே மாநிலத்தில் வின்செல்சி அருகே பார்வன் பார்க்கில் தாமஸ் ஆஸ்டின் வேட்டைக்காக அவிழ்த்துவிட்ட இரண்டு டஜன் முயல்களுக்கு, நாங்கள் இன்னும் இரவில் கண் விழித்துக்கொண்டிருக்கிறோம்; நரியும் அதே வேட்டைப் பொழுதுபோக்குக்காகத்தான் கொண்டுவரப்பட்டது.

இடது பக்கம் திரும்பும்போது அணைவதற்குக் காரணம் எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். கம்பியைச் சைக்கிள் குழாயின் உள்ளேயே விட்டிருக்கிறீர்கள், அல்லவா? விளக்கு ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே போனால், கம்பி கயிறு போல முறுக்கேறி, மேலுறை அப்படியே இருக்க உள்ளே இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துவிடும். கையால் தடவிப் பார்த்தால் அந்த இடம் மட்டும் நைந்த துணி போலத் தொய்ந்திருக்கும். குழாயில் ஒரு போல்ட்டைத் தடுப்பாக வைத்து, ஒரு சுற்று முடிவதற்குள் விளக்கு முட்டி நிற்கும்படி செய்யுங்கள். பின்னால் இருந்து சுடும் உங்களுக்கு முழுச் சுற்று தேவையே இல்லை. நுண்ணிய இழைகள் கொண்ட, சிலிக்கோன் உறையிட்ட கம்பியை வெளியே ஒரு முழ நீளத்துக்குத் தளர்வாக வளையமாகத் தொங்கவிடுங்கள். வளையும் இடத்தில் ஈயப் பற்று வைக்காதீர்கள்; பற்று முடியும் விளிம்பில்தான் கம்பி முதலில் முறியும்.

பால் போன்ற வெண்மைக்கு விளக்கின் பக்கவாட்டில் கசியும் ஒளிதான் காரணம். அது வெள்ளைக் கூரையிலும் பானெட்டிலும் பட்டுத் திரும்பித் தொலைநோக்கியின் முன் கண்ணாடிக்குள் நுழைகிறது. காலி பெயின்ட் டப்பாவின் அடியை வெட்டிவிட்டு, உட்புறம் வெப்பம் தாங்கும் மங்கல் கறுப்பு பூசி, விளக்கின் முன்னால் மூக்கு போல மாட்டினேன். அரை அடி நீளம் போதும். கூரையின்மேல் ஒரு பழைய கறுப்பு ரப்பர் விரிப்பைக் கட்டினேன். என் முதலாளி புதுத் தொலைநோக்கி வாங்கிவிட்டாயா என்று கேட்டார்.

வரப்போரம் எழுதியது:

கம்பியைப் பற்றி எனக்குத் தெரியாது, ஆனால் நிற்கும் இடத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். சுடுபவர் கூரைக்கு மேலாகச் சுடுகிறார், ஓட்டுபவர் கீழே இருக்கிறார். நரியைப் பார்க்கும் ஆவலில் ஓட்டுபவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாலோ, கதவைத் திறந்து எழுந்து நின்றாலோ, அவர் தலை துப்பாக்கிக் குழலின் முன்னால் வந்துவிடும். எங்கள் பண்ணையில், எஞ்சின் நின்ற பிறகு "இறக்கியாயிற்று" என்று மேலிருந்து குரல் வரும் வரை கீழே இருப்பவர் இருக்கையைவிட்டு அசையக்கூடாது. வண்டி நகரும்போது துப்பாக்கியில் குண்டு இருக்கக்கூடாது. பின் தட்டில் ஆள் நின்று வருவது பண்ணைக்குள் மட்டும்தான். வேலிக்கு அப்பால் பொதுச் சாலையில் அது குற்றம், அங்கே துப்பாக்கியும் குண்டு இறக்கப்பட்டே இருக்க வேண்டும்.

மங்கலான விளக்கோடு இனி ஓர் இரவுகூடச் செல்லாதீர்கள். நரியின் விழித்திரைக்குப் பின்னால் உள்ள படலம் ஒளியைத் திருப்பி அனுப்புவதால்தான் கண் மின்னுகிறது. அதே படலம் ஆட்டுக்கும் உண்டு, பண்ணை நாய்க்கும் உண்டு. கண்ணை மட்டும் பார்த்து விசையை இழுத்தவர்கள், மறுநாள் காலையில் தங்கள் நாயையே புதைத்திருக்கிறார்கள். உடல் முழுவதும் தெரிய வேண்டும், அதற்குப் பின்னால் மண் தெரிய வேண்டும். உங்களுடையது தட்டையான சமவெளி, தவறிய குண்டைத் தடுக்க ஒரு மேடுகூட இருக்காது.

ஆட்டுப்பட்டி எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதிலேயே போனது. கேரியரின் காலைக் கழற்றிப் பார்த்தால், மின்கம்பியாள் ஐயா சொன்னபடியே ரப்பர், அதன்கீழ் பெயின்ட், ஒரே ஒரு போல்ட்டின் மரையில் மட்டும் கருகிய கறுப்பு. சைக்கிள் குழாயிலிருந்து கம்பியை உருவி, நைந்த இடத்தில் கத்தியால் கீறினேன்; நான்கைந்து இழைகள்தான் ஒட்டிக்கொண்டிருந்தன, மற்றவை பொடியாக உதிர்ந்தன. இரு பக்கமும் 6 மி.மீ. கம்பி, ரிலே, ஃபியூஸ், தடுப்பு போல்ட் எல்லாம் போட்டுவிட்டேன். அதே பழைய பல்பில் இப்போது 13.4 வோல்ட் வருகிறது. ஒளி வெள்ளை வெளேரென்று இருக்கிறது. டப்பா மூக்கும் மாட்டியாயிற்று, முதலாளிக்குப் பால் வெண்மை போய்விட்டது. வரப்போரம் அவர்கள் சொன்ன குரல் விதியை ஓட்டும் தம்பியிடம் சொல்லிவிட்டேன். அவன்தான் தலையை நீட்டுபவன். எல்இடி இப்போதைக்கு வேண்டாம்.

ஒன்று மட்டும் மீதி. சுடுவதற்காக எஞ்சினை நிறுத்தியதும் ஒளி கொஞ்சம் இறங்குகிறது. இதுவும் கம்பிக் குறையா?

மின்கம்பியாள் எழுதியது:

இல்லை, அது இயல்பு. எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் தருகிறது. நின்றால் பேட்டரியின் பன்னிரண்டு சொச்சம்தான். அதைச் சரிசெய்ய முயல வேண்டாம். கவனிக்க வேண்டியது வேறு: எட்டு ஆம்பியர் விளக்கை எஞ்சின் இல்லாமல் ஒரு மணி நேரம் எரித்தால், பழைய பேட்டரி டீசல் எஞ்சினைக் கிளப்பும் வலுவை இழந்துவிடலாம். நரி வராத நேரத்தில் விளக்கை அணைத்துவையுங்கள். ஃபியூஸ் ஒன்றிரண்டைக் கையுறைப் பெட்டியில் போட்டுவையுங்கள், முதல் மழைக்குப் பிறகு அந்த எர்த் முனையை ஒருமுறை விளக்கை எரியவிட்டே அளந்து பாருங்கள்.