கணிதக் குறிகளுக்கும் உரைக்கும் எழுத்துரு பொருத்திய அனுபவங்கள்

பாய்ம இயக்கவியலில் முனைவர் பட்ட ஆய்வேட்டை லேட்டெக் என்னும் அச்சமைப்பு மென்பொருளில் எழுதியபோது, விதிமுறைப்படி உரையை டைம்ஸ் எழுத்துருவுக்கு மாற்றினேன். நான் சேர்த்த டைம்ஸ் பொதி (லேட்டெக்கில் சேர்க்கும் துணை நிரல்) உரையை மட்டுமே மாற்றும், சமன்பாடுகள் லேட்டெக்கின் இயல்பு எழுத்துருவான பழைய கம்ப்யூட்டர் மாடர்னிலேயே நின்றுவிடும் என்பதை அச்செடுத்த பிறகே உணர்ந்தேன். ஒரே வரியில் உரையிலுள்ள 2 தடித்தும் சமன்பாட்டிலுள்ள 2 மெலிந்தும் தெரிந்தன. தாளைச் சற்றுத் தள்ளிப் பிடித்தால் சமன்பாடுகள் இருந்த இடமெல்லாம் வெளிறிக் கிடந்தது.

பிறகு உரை, சமன்பாடு இரண்டையும் டைம்ஸ் வடிவுக்கு மாற்றும் நியூடிஎக்ஸ் பொதிகளுக்கு மாறினேன். அடர்த்தி பொருந்தியது, ஆனால் வேறொரு சிக்கல் தலைகாட்டியது. டைம்ஸ் சாய்வெழுத்தில் ஆங்கில 'வி'யும் கிரேக்க 'நியூ'வும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். பாய்வின் தன்மையைக் காட்டும் ரெனால்ட்ஸ் எண்ணின் தொகுதியில் திசைவேகத்துக்கு 'வி' வருகிறது, பகுதியில் இயக்கப் பாகுநிலைக்கு 'நியூ' வருகிறது. இரண்டும் ஒரே எழுத்தா என்று என் நெறியாளர் வினவிய பிறகுதான், 'வி'க்கு வேறு வடிவம் தரும் விருப்பத்தேர்வு அப்பொதியிலேயே இருப்பதைக் கண்டுகொண்டேன். பாய்மவியலில் எழுதுவோர் இதை முதல் நாளிலேயே இட்டுவிடுவது நல்லது.

* * *

பொருத்துவது என்றால் கணித எழுத்துருவை உரைக்கு ஏற்ப மாற்றுவது என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். எழுத்துரு வடிவமைப்பாளர் ஹெர்மன் சாஃப் அமெரிக்கக் கணிதக் கழகத்துக்காக வடிவமைத்த ஆய்லர் கணித எழுத்துரு, நிமிர்ந்த கையெழுத்தைப் போன்றது. அதை என் குறிப்புகளில் கம்ப்யூட்டர் மாடர்னுடன் சேர்த்தபோது, சமன்பாடுகள் மட்டும் அடர்ந்து முன்னே நின்றன. லேட்டெக்குக்கு அடிப்படையான டெக் மென்பொருளை உருவாக்கிய டொனால்ட் கனூத் இதே இடத்தில் எதிர்த்திசையில் சென்றிருக்கிறார்: தாம் இணைந்து எழுதி 1989இல் வெளிவந்த 'கான்கிரீட் மேத்தமேட்டிக்ஸ்' நூலுக்கு ஆய்லரைத் தேர்ந்துகொண்டு, அதற்கு ஈடான அடர்த்தியுள்ள கான்கிரீட் ரோமன் என்னும் உரை எழுத்துருவையே உருவாக்கினார். நான் இப்போது ஆய்லருடன் பாலட்டினோ என்னும் உரை எழுத்துருவை வைக்கிறேன். அதுவும் சாஃப் வரைந்ததே.

* * *

நான் தமிழில் கணிதக் குறிப்புகள் எழுதுகிறேன். இரண்டு எழுத்துருக்களின் சிற்றெழுத்து உயரத்தை அளந்து தானாகச் சமன்செய்யும் வசதி ஆங்கிலத்துக்குப் பெரிதும் உதவும். சிற்றெழுத்து, பேரெழுத்து என்ற பாகுபாடே இல்லாத தமிழில் அதை நம்பியிருக்க இயலவில்லை. எனவே நோட்டோ செரிஃப் தமிழ் என்னும் உரை எழுத்துருவை லிபர்டினஸ் மேத் என்னும் கணித எழுத்துருவுடன் வைத்து, 'ப' எழுத்தின் உயரம் சமன்பாட்டிலுள்ள 'எக்ஸ்'ஐவிடச் சற்றே கூடுதலாக அமையும்வரை தமிழின் அளவைக் கண்ணால் பார்த்துக் குறைத்தேன். வரிக்குள் பின்னங்கள் வரும் இடங்களில் 'ழு', 'ஞூ' போன்ற எழுத்துகளின் கீழ்ப்பகுதி அவற்றை நெருக்கியதால், வரியிடைவெளியையும் கூட்ட நேர்ந்தது.