பாமினி வினாக்களை மூடிலில் ஏற்ற வழி சொல்லுங்களேன்

வணக்கம். பாலக்காடு எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கல்லூரியில் தமிழ் எடுக்கிறேன். இந்தப் பருவம் முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வெல்லாம் மூடில் (Moodle) என்ற இணையவழிக் கற்றல் தளத்தில்தான் என்று சொல்லிவிட்டார்கள். பயிற்சி ஒரே ஒரு மத்தியானம், அதுவும் மலையாளத்தில். மொழி பிரச்சினையில்லை, நமக்கு அது பழகியதுதான். ஆனால் தமிழ் எழுத்துரு பற்றிக் கேட்டால் பயிற்சியாளருக்கே தெரியவில்லை.

பத்து வருஷமாகச் சேர்த்த வினாக்கள், நானூறுக்கு மேல், எல்லாம் பாமினி என்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் அடித்தவை. யூனிகோடுக்கு மாற்றினால் கொம்பு கழன்று எழுத்துக்கு முன்னால் தனியாக நிற்கிறது. 'கொ', 'தோ' எல்லாம் நாசம். ஒவ்வொன்றாகத் திருத்தினால் ஓணம் லீவு போய்விடும்.

பலவுள் தெரிவு வினா ஐம்பதை மட்டும் திருத்தி, எய்க்கன் (Aiken) என்ற எளிய உரைக்கோப்பு வடிவில், யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமித்து ஏற்றினேன். சரியாக வந்தது. ஆனால் எய்க்கன் 'பொருத்துக' வினாவை ஏற்காது. அதற்குக் கிஃப்ட் (GIFT) போன்ற வேறொரு கோப்பு வடிவம் வேண்டும். கிஃப்டில் அடைப்புக்குறி ஒன்று தவறினாலும் பிழை காட்டுகிறது.

கொம்பு கழலாமல் மாற்றும் கருவி எது? 'பொருத்துக' வினாவுக்குத் தமிழிலேயே செய்த மாதிரிக் கோப்பு யாரிடமாவது இருக்கிறதா? திங்கட்கிழமை முதல் தேர்வு. கூகுள் ஃபார்ம் போதுமே என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், துறைத்தலைவர் ஒப்பமாட்டார்.