டயட் ரூட் பியரின் தைல மணம்: இயல்பா, பழுதா?

கல்லடி மகள்:
டொராண்டோவிலிருந்து மச்சாள் கப்பல் பெட்டியில் டயட் ரூட் பியர் பன்னிரண்டு பேணி அனுப்பியிருந்தாள். பெயரில்தான் பியர்; உண்மையில் வேர் மணமுள்ள, சீனியில்லாத சோடா. அப்பாவுக்குச் சீனி வருத்தம். சோடா குடித்து ஆறு வருடமாகிறது. பேணியைக் கண்டதும் முகம் மலர்ந்தவர், முதல் மிடறிலேயே கீழே வைத்துவிட்டார். "மூட்டுக்குப் பூசுகிற தைலத்தையா குடிக்கத் தந்தாய், மகள்?" என்று கேட்டார். நானும் குடித்துப் பார்த்தேன். தைல மணம் உண்மைதான். ஆனால் அதன் பின்னால் வெனிலா; அதற்கும் பின்னால், நன்னாரி வேரைக் கசக்கி முகர்ந்தது போல ஒன்று. எனக்குப் பிடித்துப்போனது. இனிப்புத்தான் மெலிந்து, விழுங்கிய பிறகு அடிநாக்கில் கசப்பாக நின்றது. பெட்டி வந்துசேர மூன்று மாதம். பிறகு தகரக் கூரை அறையில் இரண்டு வாரம். இது பானத்தின் குணமா, வெக்கை செய்த கேடா?

ஸ்காபரோ தம்பி:
தைல மணம் பழுதல்ல, அக்கா. ரூட் பியருக்கு விண்டர்கிரீன் என்ற செடியின் சுவை சேர்ப்பார்கள். அதிலுள்ள மெத்தில் சாலிசிலேட்தான் வலித்தைலங்களிலும் மணக்கிறது. முன்பு சாசாஃப்ராஸ் மரத்தின் வேர்ப்பட்டையே முக்கிய சரக்கு. அதிலுள்ள சாஃப்ரோலை உணவில் சேர்க்க 1960இல் அமெரிக்கா தடை விதித்தது. நன்னாரி வேரிலும் வெனிலாவுக்கு நெருங்கிய மணப்பொருள் உண்டு. உங்கள் மூக்கு சரியாகவே பிடித்திருக்கிறது.

கல்முனைக் கடைக்காரர்:
இனிப்பு மெலிந்தது வெக்கையால்தான், தங்கச்சி. பேணியில் அஸ்பார்டேம் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். சீனிக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பூட்டி அது. சூட்டில் கிடக்கக் கிடக்க அது சிதைந்து இனிப்பை இழக்கும். கூடவே அசிசல்பேம் பொட்டாசியம் என்ற இன்னொரு இனிப்பூட்டி இருந்தால் அது சூட்டைத் தாங்கி நிற்கும். அதற்கு ஒரு கசப்பு உண்டு. சீனியில்லாத சோடாவை என் கடையில் ஒருநாளும் வெயில் படும் தட்டில் வைக்கவிடமாட்டேன். பேணியோடு குடித்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். நன்றாகக் குளிரவைத்துக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, முதலில் முகருங்கள். முதல் வாயை விட்டுவிடுங்கள். வெறும் பாண் துண்டு ஒன்றைக் கடித்துவிட்டு இரண்டாம் வாயில் கணியுங்கள்.

கல்லடி மகள்:
அஸ்பார்டேம் இருக்கிறது. அடியில் அச்சிட்ட திகதியும் போன மாதத்தோடு முடிந்துவிட்டது. நீங்கள் சொன்னபடியே ஊற்றினேன். நுரை ஒரு விரல் உயரம் எழுந்து உடனே சரிந்தது. மணத்துக்குப் பத்துக்கு எட்டு தருவேன். இனிப்புக்கு மூன்றுக்கு மேல் தர மனம் வரவில்லை. தம்பி அடுத்த வாரம் விமானத்தில் வருகிறான். இரண்டு புதிய பேணி கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அதிலும் ஒரு வாய் குடித்துப் பார்க்க அப்பா சம்மதித்திருக்கிறார்.