மறு: கல்லறைத் தோட்டம் வசூல் – வடக்கு வரிசையை இடிக்கும் முன்

அன்புள்ள அண்ணன்மார், அக்காமார், மருமக்கள் எல்லாருக்கும் ஷார்ஜாவிலிருந்து தோத்திரம்.

சுற்றுச்சுவர், கிரானைட் நடைபாதை, முகப்பு வளைவு என்று குடும்பத்துக்கு 10,000 ரூபாய் கேட்டு நம்ம ஊர்ச் சங்கத்திலிருந்து வந்த மடலைப் படித்தேன். போன வசூலின் கணக்கைக் குவைத் அண்ணன் மூன்று தடவை கேட்டுவிட்டார், அதைப் பொருளாளர்தான் சொல்ல வேண்டும். பக்கத்து ஊர் வளைவைவிட நம்முடையது உயரமாக இருக்கணும் என்று மேலத்தெரு மச்சான் எழுதியதைப் பற்றி எனக்குப் பேச்சில்லை. எனக்கு உறுத்துவது அந்த மடலின் கடைசி வரி. வடக்குப் பக்கம் ஆளில்லாத பழைய கல்லறைகளை அகற்றி நிலத்தைச் சமப்படுத்தப் போகிறார்களாம்.

ஆளில்லை என்று யார் பார்த்துச் சொன்னது?

இந்த நவம்பர் 2-க்கு நான் ஊரில் இருந்தேன். பிள்ளைகளுக்கு அதுதான் முதல் கல்லறைத் திருநாள். 2020-ல் கொரோனா வந்து, கல்லறைக்குப் போய் வேண்டினால் இறந்தவர்களுக்குக் கிடைக்கும் பரிபூரண பலனை நவம்பர் 8-ஆம் தேதி வரைக்கும் என்றிருந்ததிலிருந்து மாதம் முழுவதும் என்று வத்திக்கானில் நீட்டித்தார்களே, அந்த வருஷம் இங்கே ஃபிளாட்டில் பாட்டாவின் (என் தாத்தாவின்) படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தினோம். பிள்ளைகளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இந்தத் தடவை சகல புனிதர் பூசை முடிந்ததும் சுண்ணாம்பு வாளி, தேய்க்கத் தென்னந்தொண்டு (தேங்காய் மட்டை) எல்லாம் எடுத்துக்கொண்டு போனோம். மூத்தவன் தேய்த்தான், சின்னவள் வாளியைக் கவிழ்த்தாள். மறுநாள் சாமியார் கல்லறைகளை மந்திரித்து ஆசீர்வதித்துக்கொண்டு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. திரி அணையாமல் இருக்க அம்மா சிரட்டையை ஒருச்சாய்த்து வைத்துக் காட்டினாள். சின்னவள் அதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் யாருமே வராத நாலு கல்லறைக்கும் ஓடிப்போய்ச் சிரட்டை வைத்தாள்.

மழை விட்டதும் மூத்தவன் வடக்கு வரிசையில் ஒரு கல்லைத் தடவிப் படித்தான். "அப்பா, இந்த ஆச்சி 1118-ல செத்துட்டாங்களா?" அது கொல்லம் ஆண்டு, மலையாளக் கணக்கு. 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு சேரும் வரைக்கும் நம்ம குமரிப் பக்கம் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும்தானே இருந்தது, கல்லிலும் அந்தக் கணக்குத்தான். சித்திரை 1118 என்று இருந்தது. 825 கூட்டு என்றேன். ஈர மண்ணில் விரலால் கணக்குப் போட்டு 1943 என்றான். என் பாட்டாவைப் பெற்ற அம்மா அவள். பர்மா அரிசி வராமல் ஊரே மரவள்ளிக்கிழங்கைத் தின்று கிடந்த காலம். அந்தக் கல் யாருடையது என்று அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். சங்கத்துப் பட்டியலில் அதற்கு நேரே "உரியவர் இல்லை" என்று இருக்கிறது.

இன்னொன்று. போன தடவை சங்கம் செய்து கொடுத்த கான்கிரீட் சிலுவைகளை அருகில் போய்ப் பாருங்கள். உப்புக்காற்று உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடித்து, துரு ஊதி, குறுக்குக்கட்டை நீளத்துக்கு வெடித்து நிற்கிறது. பழைய சுண்ணாம்புச் சாந்துக் கல்லறைக்கு வருஷத்துக்கு ஒரு வெள்ளை அடித்தால் போதும். கிரானைட்டுக்கு முன்னால் இதை யோசிக்கணும்.

எனக்கு நேர்ந்ததையும் எழுதிவிடுகிறேன். எனக்கு இளையவள் ஒருத்தி இருந்தாள், எட்டு மாதத்தில் போய்விட்டாள். அவள் குழிக்குச் சுற்றிலும் சிப்பி பதித்து ஒரு மரச்சிலுவை மட்டும் நட்டிருந்தது. முன்பு ஒரு தடவை மணல் நிரவியபோது அதுவும் போயிற்று. அன்று பொறுப்பில் இருந்தவர்கள் வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா இன்றைக்கும் சுவரிலிருந்து எட்டு அடி எண்ணி நின்று, வெறும் மணலில் திரி வைக்கிறாள். இந்த வருஷம் சின்னவளும் கூடவே எண்ணினாள்.

குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு ஒரே குழியில் எத்தனை பேரை அடக்கினார்கள் என்று நமக்குத் தெரியும். என் சித்தி அங்கேதான் கிடக்கிறாள். அவளுக்குத் தனிக் கல் கிடைக்க வழியில்லை. வடக்கு வரிசையில் கிடப்பவர்களுக்குக் கல் இருக்கிறது, பெயர் இருக்கிறது. அதை நாமே காசு கொடுத்து இடிக்க வேண்டுமா?

அதனால் என் பணம் சுவருக்கு உண்டு, இப்போதே அனுப்புகிறேன். நிரவலுக்கு ஒரு ரூபாய் தர மாட்டேன். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகிறவர்கள் பிள்ளைகளையும் ஒரு நோட்டையும் எடுத்துக்கொண்டு வடக்கு வரிசைக்குப் போங்கள். கல்லில் இருப்பதை அப்படியே எழுதட்டும், படம் பிடிக்கட்டும். கோயில் மரணப் பதிவேட்டோடு ஒத்துப் பார்க்கச் சாமியாரிடம் நான் பேசுகிறேன். கோட்டாறு மறைமாவட்டம் 1930-ல் பிரிவதற்கு முந்தைய ஏடுகள் லத்தீனில் இருந்தால், வாசிக்க ஆள் பிடிப்பதும் என் பொறுப்பு. அதுவரைக்கும் மண்வெட்டி படக்கூடாது.

மேலத்தெரு, கீழத்தெரு என்று பார்க்காதீர்கள். எந்தக் குழியில் யார் என்று அம்மாவுக்கு இரண்டு தெருவும் மனப்பாடம். வயது 78 ஆகிறது, கண் மங்கல், ஆனால் கையைப் பிடித்துக் கூட்டிப் போனால் நடப்பாள். காலைப் பூசைக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பாள்.