வெள்ளிக்குள் வேண்டும்: வைட் ஆங்கிளுக்கும் கோமாவுக்கும் தமிழ்ச் சொல்

திங்கள் இரவு, அல்சூர்

பெங்களூருக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம். வரும் அமாவாசைக்குப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை வேனில் ஜவ்வாது மலைக்குக் கூட்டிப்போகிறோம், காவலூர் வானாய்வகத்தின் பக்கம். இரவு வானத்தைப் படம் எடுக்க எந்த லென்ஸ் சரிப்படும் என்று நாலு பக்கத்தில் தமிழில் ஒரு சின்ன நூல் தயாராகிறது. வெள்ளி மதியம் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். இரண்டு சொற்களில் மாட்டிக்கொண்டேன்.

ஒன்று, வைட் ஆங்கிள் லென்ஸ், பரந்த காட்சியை ஒரே படத்தில் அடக்குவது. விரிகோண வில்லை என்று எழுதியிருக்கிறேன். யாருக்காவது ஆட்சேபம் உண்டா?

இரண்டாவதுதான் வம்பு. போன முறை 24 மி.மீ. குவியத்தொலைவு லென்ஸின் துளையை எஃப் 1.4 வரை முழுக்கத் திறந்து விருச்சிகத்தை எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால், நடுவை ஒட்டிய கேட்டை விண்மீன் சுத்தமான செம்புள்ளி. வலது மேல் மூலையில் சித்திரை, இறக்கை விரித்த கொக்கு மாதிரி கிடக்கிறது. இந்தக் கோளாறுக்குக் கோமா என்று பெயர். சோம்பல்பட்டு அந்தப் பத்தியை ஒரு மொழிபெயர்ப்பு இயந்திரத்தில் போட்டேன். “வில்லையின் ஓரங்களில் ஆழ்மயக்கம் ஏற்படும்” என்று வந்தது. பிள்ளைகள் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதற்குள் ஒரு சொல் கொடுங்கள்.

செவ்வாய் காலை, ஜாலஹள்ளி

தம்பி, ஆட்சேபம் உண்டு. விரிகோணம் என்றால் 90 பாகைக்கு மேல், 180-க்குள். கணக்கு வாத்தியாராக இருந்தவன் இதை விட்டுக்கொடுக்க முடியாது. பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவில் மூலைக்கு மூலை அளந்தால் 14 மி.மீ. லென்ஸுக்கு 114 பாகை, 20-க்கு 94. சரி, இரண்டும் விரிகோணம்தான். உங்கள் 24 மி.மீ. எவ்வளவு தெரியுமா? 84. அது குறுங்கோணம்! அட்டையில் விரிகோணம் என்று போட்டு உள்ளே குறுங்கோணத்தை விற்கிறீர்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளை எவளாவது கையைத் தூக்கிக் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

செவ்வாய் மதியம், மல்லேஸ்வரம்

ஐயா சொல்வது சரி. அகல்கோணம் என்று வைத்துக்கொள்ளலாம். அகல்வயல் போல வினைத்தொகை, மூன்று காலத்துக்கும் நிற்கும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது, லகரமும் திரியாது. ஆகவே அகற்கோணம் என்று புணர்க்கத் துடிப்பவர்கள் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். அகலுதலுக்கு விட்டு நீங்குதல் என்றும் பொருள் உண்டு என்பது தெரியும். இடம் பார்த்துப் பொருள் கொள்ளத் தெரியாதவருக்கு நூல் எதற்கு?

கோணம் வடசொல் என்று ஒருவர் இப்போது கிளம்புவார்.

செவ்வாய் மாலை, ராஜாஜிநகர்

கிளம்பிவிட்டேன் அக்கா, ஆனால் எதிர்த்திசையில். கோணு, கோணல், கோட்டம் எல்லாம் இருக்கும்போது கோணம் எப்படி வடசொல்லாகும்? கோணத்தைக் குறிக்கும் கிரேக்கத்துக் கோனியாவும் நம் கோணலின் பேத்திதான் என்பது என் துணிபு. வில்லையையும் பாருங்கள். வில் இரண்டை முதுகு வெளியே தெரிய ஒட்டினால் என்ன உருவம்? குவிலென்ஸின் குறுக்குவெட்டு! வில்லிலிருந்துதான் வில்லை என்பேன். இதைப் பற்றி விரிவாக ஆறு பக்கம் வைத்திருக்கிறேன், அனுப்பட்டுமா?

செவ்வாய் மாலை, மல்லேஸ்வரம்

வேண்டாம்.

செவ்வாய் இரவு, ஒயிட்ஃபீல்டு

எங்கள் வீட்டில் வில்லை என்றால் கற்பூர வில்லை. கேமரா கடையில் அகல்கோண வில்லை கேட்டால் பூஜை சாமான் கடைக்கு வழி காட்டுவார்கள். லென்ஸ் என்பது எப்போதோ தமிழாகிவிட்டது. பாடநூலிலேயே குவிலென்ஸ், குழிலென்ஸ் என்றுதானே படித்தோம்? அகல்கோண லென்ஸ் என்று பாதிக்குப் பாதி வைத்துக்கொண்டால் யார் குடி மூழ்கும்?

அப்புறம், நூலில் சொல்லைவிட முக்கியமானது விடுபட்டிருக்கிறது. வானம் மணிக்கு 15 பாகை நகர்கிறது. ஷட்டரை எத்தனை விநாடி திறந்து வைக்கலாம் என்பதற்கு 500 விதி என்று ஒரு கைக்கணக்கு உண்டு: 500-ஐக் குவியத்தொலைவால் வகுக்க வேண்டும். 20 மி.மீ. என்றால் 25 விநாடி, 24 என்றால் 20 சொச்சம். அதற்கு மேல் போனால் விண்மீன் புள்ளியாக இருக்காது, கோடாக இழுபடும். சென்சார் சின்னதாக உள்ள கேமராவுக்கு அந்த விடையை இன்னும் ஒன்றரையால் வகுக்க வேண்டும். பிள்ளைகள் கொண்டுவருவது பெரும்பாலும் அந்த வகைதான். பெரிதாக்கிப் பார்க்கிறவர்கள் 500-க்குப் பதில் 300 போடட்டும்.

எஃப் எண்ணை (குவியத்தொலைவைத் துளையின் விட்டத்தால் வகுத்து வருவது) மட்டும் பார்த்து வாங்குகிறவர்களுக்கும் ஒரு வரி வேண்டும். 14 மி.மீ. எஃப் 2.8 லென்ஸின் துளை 5 மி.மீ.தான். இருட்டில் நன்றாக விரிந்த கண்மணியே 7 மி.மீ. வரை வரும். 24 மி.மீ. எஃப் 1.4-இன் துளை 17 மி.மீ. பால்வீதி முடிந்தவரை நீளமாக ஒரே படத்தில் வேண்டுமென்றால் முதலாவது. மங்கலான விண்மீன்கள் வேண்டுமென்றால் இரண்டாவது, கொக்கோடு சேர்த்து. கொக்கு வேண்டாமென்றால் எஃப் 2.8-க்கு இறக்கிக்கொள்ளலாம். வெளிச்சம் கால் பங்காகும், கோமாவும் ஏறக்குறைய கால் பங்காகும்.

புதன் காலை, பனசங்கரி

நான் தமிழ்ப் புலவர் இல்லை. மகளின் கன்னட அறிவியல் புத்தகத்தில் லென்ஸுக்கு மசூர என்று போட்டிருக்கிறது. நம் மைசூர்ப் பருப்புதான்! சிரித்தேன். லத்தீனிலும் லென்ஸ் என்றால் அதே பருப்புதான் என்று அவள்தான் சொன்னாள். பருப்பின் வடிவத்தைப் பார்த்துக் கண்ணாடிக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்குக் கற்பூரம் என்றால் அவர்களுக்குப் பருப்பு. அதனால் வில்லையைப் பார்த்துக் கேலி செய்ய வேண்டாம் தம்பி.

புதன் மதியம், ராஜாஜிநகர்

பருப்பு என்ற சொல்லின் வேர் ‘பரு’ என்பேன். பருத்தல். குவிலென்ஸ் நடுவில் பருத்திருக்கிறது, கவனிக்கவும்.

புதன் இரவு, மல்லேஸ்வரம்

கோமாவுக்கு வருவோம். மருத்துவக் கோமாவும் இதுவும் ஒட்டிப் பிறந்தவை அல்ல. கிரேக்கத்தில் அது ஆழ்ந்த உறக்கம். இது கோமே, தலைமயிர். வால்மீனுக்கு அவர்கள் வைத்த பெயரே நீள்மயிர் உடையது என்றுதான். மயிர்ப்பிறழ்ச்சி என்று வைத்தால் வகுப்பு அன்றோடு கலைந்துவிடும். லென்ஸின் மற்றக் கோளாறுகளான நிறப்பிறழ்ச்சி, கோளப்பிறழ்ச்சி வரிசையில் கூந்தல்பிறழ்ச்சி என்று முன்மொழிகிறேன்.

வியாழன் காலை, ஜாலஹள்ளி

கூந்தல் அழகு, ஆனால் எட்டாக்கை. நம்மிடம் சொல் இல்லாததுபோல் ஏன் கிரேக்கத்துக்கு ஓடுகிறீர்கள்? சிலப்பதிகாரத்தில் வால்மீனுக்குப் புகைக்கொடி என்று இருக்கிறது. புறநானூற்றில் தூமம். மழை பொய்க்கும் குறிகளோடு சேர்த்துச் சொல்வார்கள்: சனிமீன் புகைவது, வால்மீன் தோன்றுவது, வெள்ளி தெற்கே போவது. நாம் போகிற காவலூரின் 2.34 மீட்டர் தொலைநோக்கி வானியலாளர் வைணு பாப்பு பெயரில் இருக்கிறது. அவரே 1949-இல் வால்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர். ஆகவே புகைக்கொடிப் பிறழ்ச்சி. இலக்கியமும் உண்டு, உருவமும் உண்டு: ஒரு பக்கம் கூர்ந்து மறுபக்கம் விசிறி.

வியாழன் காலை, ஒயிட்ஃபீல்டு

ஐயா, பிள்ளைகள் வேன் டயர் புகைகிறது என்று நினைப்பார்கள். வால்பிறழ்ச்சி போதாதா?

வியாழன் மதியம், ஜாலஹள்ளி

வால்மீனில் கோமா என்பது தலையைச் சுற்றிய மூட்டம். வால் வேறு. தலையை வாலாக்காதீர்கள்.

வியாழன் இரவு, அல்சூர்

எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு மாலை வகுப்புக்குப் போனேன். சொல் எதையும் சொல்லவில்லை. சித்திரை படத்தை மட்டும் திரையில் போட்டு, இது என்னவென்று கேட்டேன். “கொக்கு”, “ஏரோப்ளேன்”, “புறா எச்சம்”, கடைசி வரிசையிலிருந்து “சிறகு முளைச்சிருக்கு சார்.” மற்றவர்கள் எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். பத்தே நிமிடத்தில் ஒரு பையன் இன்னொரு படத்தைப் பார்த்து, “இதுலயும் ஓரத்துல சிறகு வருது, துளையைக் குறைங்க” என்றான். என் ஓட்டு ஓரச்சிறகுக்கு. நாளை காலை பத்து மணிவரை பார்ப்பேன்.

வெள்ளி காலை, மல்லேஸ்வரம்

பிறழ்ச்சி வரிசை உடைகிறதே என்று வருத்தம்தான். இருந்தாலும் ஓரச்சிறகு. பிழை திருத்தி அனுப்பியிருக்கிறேன், மூன்றாம் பக்கத்தில் ‘வின்மீன்’ இரண்டு இடத்தில் இருக்கிறது.

வெள்ளி காலை, பனசங்கரி

ஓரச்சிறகு.

வெள்ளி காலை, ஒயிட்ஃபீல்டு

சரி, ஓரச்சிறகு. ஆனால் லென்ஸ் லென்ஸாகவே இருக்க வேண்டும்.

வெள்ளி காலை 9.50, ஜாலஹள்ளி

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். மூலையில் தெரியும் சிறகு கோமா மட்டும் அல்ல. கோமா ஒற்றைப் பக்கம் இழுக்கும், ஒரு வால், அவ்வளவுதான். இரண்டு பக்கமும் விரிகிறதே, அதில் அஸ்டிக்மாடிசம் என்ற இன்னொரு லென்ஸ் கோளாறும் கலந்திருக்கிறது. நீங்கள் இரண்டு குற்றவாளிக்கு ஒரே பெயர் வைத்திருக்கிறீர்கள். அஸ்டிக்மாடிசத்துக்கு அடுத்த பதிப்பில் என்ன சொல்வீர்கள்? அரைச்சிறகா?

வெள்ளி 10.20, அல்சூர்

ஐயா, அது அடுத்த பதிப்புக் கவலை. ‘அகல்கோண லென்ஸ்’, ‘கோமா எனப்படும் ஓரச்சிறகு’ என்று போட்டு அனுப்பிவிட்டேன். உங்கள் புகைக்கொடியைக் கடைசிப் பக்கத்தில் வால்மீன் பத்தியில் சேர்த்திருக்கிறேன். நாளை மதியம் இரண்டு மணிக்கு ஏரிக்கரையில் வேன் நிற்கும். டார்ச்சுக்குச் சிவப்புக் காகிதம் ஒட்டிக்கொண்டு வாருங்கள்.

வெள்ளி 10.35, ஜாலஹள்ளி

வருகிறேன். முன் இருக்கை எனக்கு, முழங்கால் மடங்காது. உங்கள் 24-ஐயும் கொண்டு வாருங்கள், மூலையை நானே பார்க்க வேண்டும்.

வெள்ளி 10.40, ராஜாஜிநகர்

நானும் வருகிறேன். அந்த ஆறு பக்கத்தையும் கொண்டுவருகிறேன்.