கீசருக்குள் இருக்கும் தண்டுக்குத் தமிழில் என்ன பெயர்?

டர்பன், தமிழ் வகுப்பு ஆசிரியர்:
அனைவருக்கும் வணக்கம். பழைய கீசரைப் பேணுவது பற்றி வீட்டுப் பெரியவர்களுக்காக இரண்டு பக்கத் துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தெர்மோஸ்டாட், எலிமென்ட், வால்வு ஆகியவற்றை அப்படியே விட்டுவிட்டேன், எல்லோருக்கும் தெரிந்தவைதானே. இடிப்பது ‘சாக்ரிஃபிஷியல் ஆனோடு’ மட்டும், தொட்டி துருப்பிடிக்காமல் காக்க உள்ளே வைக்கும் தண்டு. பாடநூலை ஒட்டி ‘பலி நேர்மின்வாய்’ என்று எழுதினேன். யாருக்கும் புரியவில்லை, ஒரு பாட்டி கோயில் விஷயமா என்று கேட்டார்.

சாட்ஸ்வொர்த், குழாய்ப் பணியாளர்:
அக்கா, பெயர் வைக்குமுன் பொருளைப் பார்த்துவிடலாம். இரும்புத் தொட்டியின் உட்புறம் கண்ணாடிப் பூச்சு இருக்கும். அதில் மயிரிழை விரிசல் விழுந்தாலும் தண்ணீர் இரும்பைத் தின்னும். மக்னீசியத் தண்டு உள்ளே இருந்தால் தண்ணீர் முதலில் அதைத் தின்கிறது, அவ்வளவுதான். நம் ஊர்க் கீசர்கள் பலவற்றில் எலிமென்ட் மாட்டிய அதே தட்டில்தான் இதுவும் இருக்கும்.

அறிக்கையில் இதையும் சேருங்கள். வீட்டு மின்பெட்டியான டிபி போர்டில் பிரேக்கரை இறக்கி, கீசர் அருகே உள்ள தனி ஸ்விட்சான ஐசோலேட்டரையும் அணைத்து, மின்சாரம் இல்லையென்று டெஸ்டர் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு தண்ணீரை அடைத்து, வெந்நீர்க் குழாயைத் திறந்து, தொட்டியை வடிக்க வேண்டும். 150 லிட்டர் வடிய நேரமாகும். தண்டின் நடுவில் ஓடும் இரும்புக் கம்பி வெளியே தெரிந்தால் புதுத் தண்டு போட வேண்டியதுதான். கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள், பழையதைத் திரும்பப் போட்டால் ஒழுகும். மூடியபின் தண்ணீரைத் திறந்துவிட்டு, வெந்நீர்க் குழாயில் காற்று நின்று தண்ணீர் சீராக வரும்வரை மின்சாரம் கொடுக்கக் கூடாது. காலித் தொட்டியில் எலிமென்ட் நிமிடத்தில் கருகிவிடும். மின் இணைப்பைத் தொடுவது உரிமம் பெற்றவர் வேலை. மிகப் பழைய செம்புத் தொட்டியில் இந்தத் தண்டே கிடையாது, தேடி மெனக்கெட வேண்டாம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
‘பலி’யை விடுங்கள், வடமொழி. ‘காவு’ இருக்கும்போது என்ன குறை? காவுத்தண்டு. தன்னையே கொடுத்துப் பிறரைக் காப்பது நமக்குப் புதிதா என்ன? தொல்காப்பியர் வெற்றியைப் பாடும் வாகைத் திணையில், வீரன் உயிரையே கொடுக்கும் அவிப்பலியை ஒரு துறையாகவே வைத்தார். நவகண்டச் சிற்பங்களைப் பாருங்கள், தன் கழுத்தில் தானே வாள் வைத்த வீரன். மக்னீசியம் செய்வதும் அதைத்தான்.

டர்பன், தமிழ் வகுப்பு ஆசிரியர்:
ஐயா, அவிப்பலியிலும் பலி இருக்கிறதே! தொல்காப்பியருக்கு ஆகும், எனக்கு ஆகாதா? மேலும் ‘காவு’ என்றால் தோளில் சுமப்பதும்தான். தைப்பூசத்துக்கு ஊரே திரளும் இந்த டர்பனில் ‘காவுத்தண்டு’ என்று அச்சிட்டால், காவடிக் கடையில்தான் போய்க் கேட்பார்கள்.

ஜொகானஸ்பர்க், வேதியியல் ஆசிரியர்:
பலியா காவா என்பது இருக்கட்டும், ‘நேர்மின்வாய்’ இங்கே தவறு. மின்பகுப்பில்தான் ஆனோடு நேர்முனை. கீசருக்குள் நடப்பது மின்கலம், இதில் ஆனோடு எதிர்முனை. மக்னீசியத்தின் மின்முனை அழுத்தம் −2.37 வோல்ட், இரும்புக்கு −0.44. இரும்பைவிடக் குறைவு என்பதால்தான் மக்னீசியம் முந்திக்கொண்டு எலக்ட்ரானை விடுகிறது. 1834இல் விஞ்ஞானி ஃபாரடேக்கு ‘ஆனோடு’ என்ற சொல்லை எடுத்துக் கொடுத்த ஆங்கில அறிஞர் ஹ்யூவெல் நேர், எதிர் என்று எதையும் சொல்லவில்லை. கிரேக்கத்தில் ‘மேலேறும் வழி’, ஞாயிறு எழும் திசை. அப்படியானால் நமக்கு ‘எழுவாய்’, மறுமுனையான கத்தோடுக்கு ‘விழுவாய்’. எவ்வளவு அழகு!

பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அழகுதான். கீசரில் எழுவாய் கெட்டால் பயனிலை எங்கே தேடுவது, செயப்படுபொருள் யார் தலையில்?

மொரீஷியஸ், தமிழாசிரியர்:
எங்கள் பிள்ளைகள் ‘ஆனோடு’ என்றுதான் படிக்கிறார்கள். புரிகிறது, போதும். இந்த உத்தியே கடலில் பிறந்தது. 1824இல் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி, ஆங்கிலேயப் போர்க்கப்பல்களின் செம்புத் தகடு அரிக்காமலிருக்கத் துத்தநாகமும் இரும்பும் பதித்துப் பார்த்தார். செம்பு பிழைத்தது. ஆனால் கரையும் செம்புதான் அதுவரை சிப்பிகளை விரட்டிக்கொண்டிருந்தது. அது நின்றதும் அவை அடிப்பக்கமெல்லாம் அப்பிக்கொண்டு கப்பல் வேகம் குறைந்துவிட்டது.

சாட்ஸ்வொர்த், குழாய்ப் பணியாளர்:
கப்பல் இருக்கட்டும் அண்ணா, வெள்ளிக்கிழமை வருகிறது. கடையில் நான் கேட்பது ‘கரைகிற தண்டு’. வெந்நீர் அழுகிய முட்டை வாடை அடித்தால், தண்ணீரில் உள்ள ஒருவகை நுண்ணுயிருக்கு மக்னீசியம் துணைபோகிறது என்று பொருள். அலுமினியம்-துத்தநாகத் தண்டு போட்டால் பெரும்பாலும் அடங்கும். வாடைக்குப் பயந்து தண்டையே கழற்றிவிடுகிறவர்கள் உண்டு, தொட்டி சீக்கிரம் ஓட்டையாகும். இன்னொன்று: இரண்டு வாரம் வீடு பூட்டிக் கிடந்தால் உள்ளே ஹைட்ரஜன் சேரலாம். முதலில் வெந்நீர்க் குழாயைத் திறக்கும்போது பக்கத்தில் நெருப்பு கூடாது.

டர்பன், தமிழ் வகுப்பு ஆசிரியர்:
‘கரைதண்டு’. ஊறுகாய் போல வினைத்தொகை. எடுத்துக்கொள்கிறேன், முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் ‘ஆனோடு’ என்று போடுவேன்.

ஜொகானஸ்பர்க், வேதியியல் ஆசிரியர்:
மக்னீசியம் அயனியாகித் தண்ணீரில் போவதால் ‘கரை’ பொருந்தும். ஆனால் உப்பும் கரைகிறது, சோப்பும் கரைகிறது. எதைக் காக்கக் கரைகிறது என்பது இந்தச் சொல்லில் இல்லை. வேறு வழியில்லாததால் சரி.

மொரீஷியஸ், தமிழாசிரியர்:
எனக்கும் சரி.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
வினைத்தொகையில் ஒற்று மிகாது. ‘கரைத்தண்டு’ என்று அச்சானால் ஆற்றங்கரையில் நட்ட கம்பாகிவிடும், மெய்ப்புப் பார்க்கிறவரிடம் சொல்லிவையுங்கள். என் வாக்கு இன்னும் காவுக்கே.